பகடையும் படைக்கலமும் – 9 : நெம்புகோல் துப்பாக்கி

சென்ற பகுதியில், குழலின் வாய்வழியே மருந்தையும் குண்டையும் இட்டுக் கோலால் கெட்டித்துச் சுடும் பழைய துப்பாக்கிகளைப் பற்றிப் பார்த்தோம். நன்றாகப் பழகிய சிப்பாய் ஒருவன் நிமிஷத்துக்கு மூன்று முறை சுட்டால் அதுவே பெரிய சாமர்த்தியம் என்று கருதப்பட்ட காலம் அது. மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டிக் கதை நடத்தும் விளையாட்டுகளில் அத்தகைய துப்பாக்கிக்கு விதி வகுப்பது கடினமான காரியம் அன்று. ஒருமுறை சுட்டதும் அந்தச் சண்டையைப் பொறுத்தமட்டில் அதன் வேலை அநேகமாக முடிந்துவிடுகிறது. இந்தப் பகுதியில் நாம் எடுத்துக்கொள்ளும் நெம்புகோல் துப்பாக்கியோ அவ்வளவு சுலபமாக அட்டவணைக்குள் அடங்குவதில்லை.

அதன் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். விசைக்குக் காப்பாக உள்ள வளையமே பின்புறம் நீண்டு, விரல்கள் நுழையத்தக்க ஒரு நெம்புகோலாக அமைந்திருக்கும். அதைக் கீழே தள்ளினால், சுட்டு முடிந்த தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே தெறிக்கும், சுத்தியலும் பின்னுக்குச் சென்று நிற்கும். மேலே இழுத்தால், குழலுக்கு அடியில் அதை ஒட்டியே ஓடும் மற்றொரு குழாயிலிருந்து வந்த புதிய தோட்டா குழலின் அடிவாயில் போய் அடைபடும். சுடுகிறவன் கையைத் துப்பாக்கியிலிருந்து எடுக்க வேண்டியதில்லை. இந்த யந்திரத்தின் சரித்திரம் முழுவதும் ஒரே ஒரு பேரத்தின் சரித்திரம் என்பது என் அபிப்பிராயம்: குண்டின் வலிமையில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாகக் காலத்தைப் பெற்றுக்கொள்ளும் பேரம். விளையாட்டு நூல்களை இயற்றியவர்களுள் இதை உணர்ந்தவர்களே இந்தத் துப்பாக்கிக்கு உண்மையான எண்களைக் கொடுத்திருக்கிறார்கள்.

நியூயார்க்கில் வால்ட்டர் ஹன்ட் என்று ஓர் யந்திர நிபுணர் இருந்தார். நம் வீடுகளில் பெண்கள் புடவைத் தலைப்பில் குத்திக்கொள்ளும் ஊக்குக்கு 1849-இல் காப்புரிமை பெற்றவர் அவர்தாம். அதே ஆண்டில் தொடர்ந்து சுடும் துப்பாக்கி ஒன்றுக்கும் அவர் உரிமை பெற்றார். அதற்கு முந்திய ஆண்டில் அவர் உருவாக்கியிருந்த குண்டு விசித்திரமானது. உலோகக் கூடு எதுவும் இல்லாமல், ஈயக் குண்டின் அடிப்பாகத்தையே குடைந்து, அந்தக் குழிவில் மருந்தை அடைத்து, தக்கையால் மூடிய குண்டு அது. துப்பாக்கி சிக்கலானதாகவும் மென்மையானதாகவும் இருந்தபடியால் விற்பனைக்கு உதவவில்லை. லூயிஸ் ஜென்னிங்ஸ் என்பவர் அதைச் சிறிது எளிதாக்கினார். வெர்மான்ட் மாகாணத்து வின்ட்சர் நகரில் ராபின்ஸ் லாரன்ஸ் தொழிற்சாலையில் அது செய்யப்பட்டது. ஹொரேஸ் ஸ்மித், டேனியல் வெஸ்ஸன் என்ற இருவர் அதை மேலும் திருத்தி 1854-இல் தங்கள் பெயரில் உரிமை பெற்றார்கள். 1855-இல் அது வால்கானிக் என்ற கம்பெனியின் சொத்தாயிற்று. அந்தக் கம்பெனியில் பணம் போட்டவர்களுள் ஒருவர் நியூ ஹேவன் நகரில் சட்டை தைத்து விற்கும் ஆலை நடத்திவந்த ஆலிவர் வின்செஸ்டர். துப்பாக்கி செய்யும் தொழிலில் பயிற்சியே இல்லாத அவர், கம்பெனி நொடித்துப் போனபோது அதை விட்டு ஓடாமல், 1857-இல் புதிய பெயரில் திரும்பவும் தொடங்கினார்.

இத்தனை கைகள் மாறியும் நோய் ஒன்றே. குண்டின் குழிவுக்குள் எவ்வளவு மருந்து அடங்கும்? மிகச் சொற்பம். வேகமாகச் சுடலாம், ஆனால் சுட்டது உறைக்காது. அந்த நோய்க்கு மருந்து கண்டவர் வின்செஸ்டரிடம் மேற்பார்வையாளராக இருந்த பெஞ்சமின் டைலர் ஹென்றி. செப்புக் கூட்டின் விளிம்பில் எரியூட்டும் மருந்தை வைத்த அங்குலத்தில் நூற்றில் 44 பங்கு குறுக்களவுள்ள தோட்டா ஒன்றை அமைத்து, அதற்கேற்ப நெம்புகோல் யந்திரத்தைத் திருத்தி, 1860 அக்டோபர் 16-ஆம் தேதி அவர் உரிமை பெற்றார். ஹென்றி துப்பாக்கியின் குழாயில் 16 தோட்டாக்கள் அடங்கின. எதிரில் நிற்பவன் ஒரு தோட்டாவைக் கெட்டித்து முடிப்பதற்குள் இவன் பதினாறையும் சுட்டுத் தீர்த்துவிடலாம் என்ற நிலை, அதுவரை போர்க்களங்கள் அநேகமாகக் கண்டிராதது.

அமெரிக்க உள்நாட்டு யுத்தம் அப்போதுதான் மூண்டது. வடபகுதிச் சேனையின் படைக்கல அதிகாரியான ஜேம்ஸ் ரிப்ளி, சிப்பாய்கள் தோட்டாக்களை விரயம் செய்வார்கள் என்று அஞ்சி, இத்தகைய புதுமைகளை ஆதரிக்கவில்லை. அரசாங்கம் வாங்கிய ஹென்றி துப்பாக்கிகள் இரண்டாயிரத்துக்கும் குறைவே. ஆயினும் மாதம் 13 டாலர் சம்பளம் பெற்ற சாதாரணச் சிப்பாய்கள் பலர் தங்கள் சொந்தப் பணத்தில் அதை வாங்கினார்கள். தம் உயிரைப் பற்றிய கணக்கை அதிகாரிகளைவிட அவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். இல்லினாய் மாகாணத்தின் 7-ஆவது காலாட்படை அப்படி வாங்கிய படைகளுள் ஒன்று. 1864 அக்டோபர் 5-ஆம் தேதி ஜார்ஜியாவின் அல்லட்டூனா கணவாயில், தொகையில் மிகுந்த தென்பகுதிச் சேனையை எதிர்த்து நின்றவர்களில் அவர்களும் இருந்தார்கள். அதே யுத்தத்தில் கிறிஸ்டபர் ஸ்பென்ஸர் செய்த ஏழு தோட்டா நெம்புகோல் துப்பாக்கி, ஹென்றியைவிட அதிகமாகப் பரவியது. அதன் தோட்டாக் குழாய் கட்டைக்குள் இருந்தது, குண்டு கனமானது, ஆனால் ஒவ்வொரு முறையும் சுத்தியலைக் கட்டைவிரலால் தனியே இழுக்க வேண்டும். ஸ்பென்ஸருக்குத் தனிப் பகுதியே எழுத வேண்டும் என்பதால் இங்கு இவ்வளவோடு விடுகிறேன்.

ஹென்றியின் வலிமை என்ன? அதன் தோட்டாவில் இருந்த கருமருந்து 30 கிரெயினுக்கும் குறைவு. 1873 முதல் அமெரிக்கச் சேனை கையாண்ட ஒற்றைத் தோட்டா ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கியிலோ 70 கிரெயின் மருந்து. குண்டின் எடையும் ஹென்றியின் குண்டைப் போல ஏறத்தாழ இருமடங்கு. முந்நூறு கஜத்துக்கு அப்பால் நிற்கும் ஒருவனைச் சுடுவதற்கு எவரும் ஹென்றியை விரும்பி எடுக்கமாட்டார். ஆனால் நூறு கஜத்துக்குள் நான்கைந்து பேர் பாய்ந்து வந்தால், எவரும் ஸ்பிரிங்ஃபீல்டை விரும்பி எடுக்கமாட்டார். இந்த இரண்டு வாக்கியங்களையும் பகடை எண்களில் எழுத முடியுமா என்பதுதான் விளையாட்டு நூலாசிரியன் முன்னுள்ள பரீட்சை.

அந்தப் பரீட்சையை முதலில் எழுதியவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1975-இல், விஸ்கான்ஸின் மாகாணத்து லேக் ஜெனீவாவிலிருந்து டி.எஸ்.ஆர். நிறுவனம் வெளியிட்ட 'பூட் ஹில்', பிரையன் புளூம், கேரி கைகாக்ஸ் இருவரும் சேர்ந்து இயற்றியது. மேற்கு அமெரிக்கப் புல்வெளியின் துப்பாக்கிச் சண்டையைப் பொருளாகக் கொண்டு வெளிவந்த ஆதி நூல்களுள் ஒன்று. ஒன்றிலிருந்து நூறு வரை எண் தரும் பகடைகளே அதன் அடிப்படை. காயத்தை அது புள்ளிகளாக மட்டும் கருதாமல், இலேசானதா, கடுமையானதா, உயிரை மாய்ப்பதா என்று தரம் பிரித்துப் பார்த்தது. யார் முதலில் சுடுவான் என்பதிலேயே அந்த நூலின் கவனமெல்லாம் சென்றபடியால், ரிவால்வர் அதன் கதாநாயகனாயிற்று. நெம்புகோல் துப்பாக்கி ஓர் ஓரத்தில் நின்றது. தெருவின் நடுவே இருவர் எதிரெதிரே நிற்கும் காட்சிக்கு அது பொருத்தம். ஆனால் அந்தப் பிரதேசத்தில் வாழ்ந்த குடியானவனும் மாடு மேய்ப்பவனும் உண்மையில் நம்பியது, ஹென்றியின் வழிவந்து குதிரைச் சேணத்தில் தொங்கிய வின்செஸ்டர் துப்பாக்கியை அல்லவா?

நான் மிகவும் மதிக்கும் ஒரு வரி, ஷேன் ஹென்ஸ்லி 2003-இல் வெளியிட்ட 'சாவேஜ் வேர்ல்ட்ஸ்' நூலின் வழிவந்த அட்டவணைகளில் இருக்கிறது. 1996-இல் 'டெட்லேண்ட்ஸ்' என்ற மேற்கத்திய மாயக்கதை விளையாட்டை இயற்றியவரும் அவரே. 'சாவேஜ் வேர்ல்ட்ஸ்' அட்டவணையில் 1873-ஆம் ஆண்டு மாதிரி வின்செஸ்டருக்குக் கொடுத்திருக்கும் சேதக் கணக்கு, எட்டு முகப் பகடை இரண்டை உருட்டி வரும் தொகையில் ஒன்றைக் கழித்தது. குழாயில் 15 தோட்டா. கோல்ட் ரிவால்வருக்கோ ஆறு முகப் பகடை இரண்டு, அதனுடன் ஒன்று, தோட்டா ஆறு. எருமை வேட்டைக்காரர்களின் ஒற்றைத் தோட்டா ஷார்ப்ஸ் துப்பாக்கிக்குப் பத்து முகப் பகடை இரண்டு. உச்ச எண் விழுந்தால் பகடையை மறுபடியும் உருட்டும் அந்நூலின் விதியை ஒதுக்கிவிட்டுச் சாதாரணமாகக் கூட்டிப் பாருங்கள்: வின்செஸ்டரின் சராசரி எட்டு, ரிவால்வரின் சராசரியும் எட்டு, ஷார்ப்ஸின் சராசரி பதினொன்று. நீண்ட குழலும் தோள்கட்டையும் உள்ள ஒரு துப்பாக்கிக்கு இடுப்பில் செருகும் ரிவால்வரின் சராசரியையே கொடுப்பது முதல் பார்வையில் அநியாயமாகத் தோன்றலாம். அது அநியாயம் அன்று, சரித்திரம். 1873-ஆம் ஆண்டு வின்செஸ்டரின் 44-40 தோட்டாவில் இருந்தது 200 கிரெயின் குண்டும் 40 கிரெயின் மருந்தும்தான். 1878 முதல் கோல்ட் கம்பெனியே அதே தோட்டாவுக்கு ரிவால்வர் செய்து விற்றது. ஒரே பையிலுள்ள தோட்டா இரண்டு கருவிகளுக்கும் உதவுமாறு இருந்தது அந்நாளைய பிரயாணிக்குப் பெரும் அனுகூலம். ஆக, இரண்டும் ஏறத்தாழ ஒரே வலிமையுள்ளவை. வேற்றுமை தூரத்திலும் எண்ணிக்கையிலுமே. அந்த அட்டவணையில், மேசைமேல் அளக்கும் அங்குலக் கணக்கில், வின்செஸ்டரின் கிட்டத்துத் தூரம் 24, ரிவால்வருக்கு 12. மூன்று சிறு எண்களில் ஒரு யுகத்தின் பேரத்தை அடக்கிவிட்டார்கள்.

ஆயினும் எண்ணிக்கை மட்டும் போதாது. ஹென்றி துப்பாக்கியின் மிகப் பெரிய குறை, தோட்டா தீர்ந்தபின் நேர்வது. அதன் குழாயின் அடிப்புறம் நெடுகப் பிளந்திருக்கும். அந்தப் பிளவுக்குள் மண்ணும் புழுதியும் புகும். மறுபடி நிரப்ப வேண்டுமானால் துப்பாக்கியை நிமிர்த்தி, சுருளை மேலே தள்ளி, குழலின் நுனியில் உள்ள பாகத்தைத் திருப்பி ஒதுக்கி, மேலிருந்து தோட்டாக்களை ஒவ்வொன்றாக நழுவவிட வேண்டும். அந்தச் சமயத்தில் துப்பாக்கி சுட உதவாது. இதைத் தீர்த்தவர் நெல்சன் கிங். 1866-இல் வின்செஸ்டர் தன் பெயரையே கம்பெனிக்குச் சூட்டி வெளியிட்ட முதல் மாதிரியில், வெண்கலச் சட்டத்தின் வலப்புறத்தில் ஒரு சிறு வாயிலைக் கிங் அமைத்தார். சுருளின் அழுத்தத்தில் தானே மூடிக்கொள்ளும் அந்த வாயிலின் வழியே, தோட்டாவைக் கட்டைவிரலால் தள்ளி உள்ளே விடலாம். சட்டத்தின் நிறத்தைக் கண்டு அந்தத் துப்பாக்கியை 'மஞ்சள் பையன்' என்று அழைத்தார்கள்; ஏறத்தாழ 1,70,000 செய்யப்பட்டன.

அந்தச் சிறு வாயிலின் மகிமையை அட்டவணை எழுதுவோர் பலர் உணரவில்லை என்று வருந்துகிறேன். பதினாறு என்றும் பதினைந்து என்றும் எண்ணிக்கையை எழுதிவிட்டு, நிரப்புவதற்கு இத்தனை சுற்று என்று ஒரே எண்ணைப் பக்கத்தில் எழுதிவிடுகிறார்கள். அதனால் விளையாட்டில் என்ன நிகழ்கிறது? வீரன் பதினைந்தையும் சுட்டுத் தீர்க்கிறான். பிறகு பாறைக்குப் பின்னால் பதுங்கிப் பதினைந்தையும் நிரப்புகிறான். பிறகு மறுபடியும் எழுகிறான். உண்மையில் வின்செஸ்டரை அறிந்தவன் அப்படிச் செய்யமாட்டான். இரண்டு சுடுவான், சிறிது ஓய்வு கிடைத்தால் இரண்டை உள்ளே தள்ளுவான். குழாய் என்றும் வெறுமையாவதில்லை, துப்பாக்கி என்றும் உதவாமல் நிற்பதில்லை. ஸ்டீவ் ஜாக்ஸனின் 'கர்ப்ஸ்' நூலின் நான்காம் பதிப்பு (2004) இதைச் செம்மையாகப் பிடித்திருக்கிறது. அங்கே ஒரு சுற்று என்பது ஒரே வினாடி. தோட்டாக்களை ஒவ்வொன்றாக நிரப்பும் துப்பாக்கிகளுக்கு, நிரப்பும் காலத்தோடு ஆங்கிலத்தின் ஒன்பதாம் எழுத்தைச் சேர்த்து எழுதி, அது ஒரு தோட்டாவுக்கான காலம் என்று குறித்துவிடுகிறார்கள். அந்த ஓர் எழுத்தில் கிங்கின் வாயில் திறந்துகொள்கிறது. ஆட்டக்காரன் தானாகவே இரண்டு சுட்டு இரண்டு இடும் வழக்கத்துக்கு வந்துவிடுகிறான். யாரும் அவனுக்குச் சரித்திரம் போதிக்க வேண்டியதில்லை.

இந்தப் பேரம் போர்க்களத்தில் என்ன செய்தது என்பதற்கு இரண்டு சாட்சியங்கள் உண்டு. 1876 ஜூன் 25-ஆம் தேதி, மாண்டானாவில் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில், ஜார்ஜ் கஸ்டர் தலைமையில் வந்த 7-ஆவது குதிரைப்படை லக்கோட்டா, ஷையென் மக்களால் தோற்கடிக்கப்பட்டது. கஸ்டரின் ஆட்களிடம் இருந்தவை ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கிகள். 1983-இல் அந்தக் களத்தில் புல் தீப்பற்றி எரிந்து தரை வெளிப்பட்டதும், அடுத்த ஆண்டில் டக்ளஸ் ஸ்காட், ரிச்சர்டு ஃபாக்ஸ் முதலிய தொல்பொருள் ஆராய்ச்சியாளர்கள் தோட்டாக் கூடுகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றிலும் பதிந்த ஊசியின் தடத்தைச் சோதித்து, எத்தனை வெவ்வேறு துப்பாக்கிகள் அங்கே முழங்கின என்று கணக்கிட்டார்கள். ஹென்றியும் வின்செஸ்டரும் சுதேசிகளின் கைகளில் ஏராளமாக இருந்தது அதில் ருசுவாயிற்று. தங்கள் நிலத்தைக் காக்கப் போராடிய அந்த மக்கள், படையெடுத்து வந்த அரசாங்கச் சேனையைவிட விரைவான ஆயுதத்தைத் தேடிப் பெற்றிருந்தார்கள் என்பதை மேற்கத்திய விளையாட்டு நூல்கள் பல இன்னும் உரிய அளவில் சொல்லவில்லை. அவர்களுக்கு வில்லையும் ஈட்டியையும் மட்டும் எழுதிவிட்டுப் போகிற பட்டியல்கள் சரித்திரத்துக்கு இழைக்கும் அநீதி சிறிதன்று.

மறு ஆண்டில் பல்கேரியாவின் பிளெவ்னா. துருக்கிய அரசு 1870-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வின்செஸ்டர் கம்பெனியிடம் ஐம்பதாயிரம் துப்பாக்கிகள் வாங்கியிருந்தது. 1877 ஜூலை 30-ஆம் தேதி ரஷ்யர்கள் நடத்திய இரண்டாம் தாக்குதலில், துருக்கியத் தளபதி உஸ்மான் பாஷாவின் வீரர்கள் தூரத்தில் வந்த எதிரியைப் பீபாடி-மார்ட்டினித் துப்பாக்கிகளால் சுட்டு, கிட்டே நெருங்கியதும் வின்செஸ்டரைக் கையில் எடுத்ததாகச் சொல்வார்கள். ரஷ்யர் தரப்பில் ஏறத்தாழ ஏழாயிரம் பேர் மாண்டும் காயமுற்றும் விழுந்தார்கள். அந்த வெற்றியை முழுவதும் வின்செஸ்டரின் கணக்கில் எழுதுவது மிகை; ஆழமான பதுங்குகுழிகளும் அருகிலேயே குவித்து வைத்த தோட்டாப் பெட்டிகளும், தூரத்துத் துப்பாக்கியும் அதில் சமபங்கு உடையவை. ஆனால் வலிமையுள்ள கருவியையும் வேகமுள்ள கருவியையும் வெவ்வேறு தூரங்களுக்கு என்று பிரித்துக் கொடுத்தவர்கள், மேலே சொன்ன பரீட்சைக்கு அட்டவணை இல்லாமலே விடை எழுதியவர்கள்.

வலிமையும் வேகமும் ஒரே கருவியில் சேர முடியாதா என்ற கேள்விக்கு விடை யூட்டா மாகாணத்து ஆக்டன் நகரிலிருந்து வந்தது. ஜான் மோசஸ் பிரௌனிங் அமைத்த 1886-ஆம் ஆண்டு மாதிரியில், பழைய முழங்கால் மடிப்புப் பூட்டுக்குப் பதிலாக இரண்டு செங்குத்தான எஃகுத் தண்டுகள் அடிவாயைத் தாங்கி நின்றன. ஸ்பிரிங்ஃபீல்டுக்கு உரிய சேனையின் 45-70 தோட்டாவையே அதில் சுடலாம். அவருடைய 1894-ஆம் ஆண்டு மாதிரிக்கு அடுத்த ஆண்டில் புகையற்ற மருந்துள்ள 30-30 தோட்டா வந்தது: 160 கிரெயின் குண்டு, வினாடிக்கு ஏறத்தாழ 1,970 அடி வேகம். அந்த மாதிரியில் எழுபது லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டன.

சாண்டி பீட்டர்சன் இயற்றி 1981-இல் கேயாஸியம் வெளியிட்ட 'கால் ஆஃப் கதுல்ஹு' 1920-களின் திகில் கதை. அதன் துப்பாக்கிப் பட்டியலில் 30 அளவு நெம்புகோல் கார்பைன் ஒன்று உண்டு: சேதம் ஆறு முகப் பகடை இரண்டு, தூரம் 50 கஜம், தோட்டா ஆறு. அதற்குப் பக்கத்திலேயே, தாழ்ப்பாளைப் போல ஒரு தண்டை இழுத்தும் தள்ளியும் தோட்டா ஏற்றும் தாழ்ப்பாள் துப்பாக்கி: இரண்டு பகடையுடன் நான்கு, தூரம் 110 கஜம், தோட்டா ஐந்து. சராசரி ஏழுக்கும் பதினொன்றுக்கும் உள்ள இந்த இடைவெளி சற்று அதிகம் என்றே கருதுகிறேன். 30-30 குண்டு மானை வீழ்த்தும் வலிமையை அந்த ஏழு சொல்லவில்லை. ஆனால் அதே பட்டியலில் வேறோர் எண் இருக்கிறது, அதை நான் பாராட்டாமல் விட முடியாது. நூறு வரை எண் தரும் பகடையில் 98-ஓ அதற்கு மேலோ விழுந்தால் நெம்புகோல் துப்பாக்கி பழுதாகும். தாழ்ப்பாள் துப்பாக்கிக்கு நூறே விழ வேண்டும். தாழ்ப்பாள் துப்பாக்கியில் அது சுடாத தோட்டா ஒன்று என்று கழித்துவிடலாம். நெம்புகோலிலோ தோட்டா உள்ளே சிக்கிக்கொண்டது என்று பொருள், அதை எடுக்க ஆறு முகப் பகடை சொல்லும் அத்தனை சுற்றுகள் செலவாகும், அதன்மேல் திறமைச் சோதனையிலும் தேற வேண்டும். பலப்பல சிறு பாகங்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நகரும் யந்திரத்தின் சுபாவம் அதுதான். இருட்டில் ஏதோ நெருங்கி வரும்போது நெம்புகோலை அரைகுறையாக இழுத்தவனுக்கு நேரும் கதி, அந்த எண்ணில் உயிரோடு இருக்கிறது.

எந்த அட்டவணையிலும் நான் காணாத விஷயங்கள் இரண்டு. குழாய்க்குள் ஒரு தோட்டாவின் முனை அடுத்த தோட்டாவின் அடியில் உள்ள எரியூட்டும் மருந்தைத் தொட்டு நிற்கிறபடியால், கூர்முனைக் குண்டை அதில் இடலாகாது. மொண்ணை முனையே வேண்டும், மொண்ணை முனை காற்றைக் கிழிப்பதில்லை. மற்றொன்று, தரையோடு படுத்துச் சுடுகிறவனுக்கு நெம்புகோலைக் கீழே தள்ள இடம் போதாது. பதுங்குகுழியும் தூரச் சூடும் பெருகிய நூற்றாண்டில் சேனைகள் தாழ்ப்பாள் துப்பாக்கியைத் தேர்ந்துகொண்டதற்கு இவ்விரண்டும் முக்கிய காரணங்கள். ஜமைக்காவில் பிறந்த ஆர்தர் சாவேஜ் சுழலும் தோட்டா அறை ஒன்றை அமைத்து முதற்குறையைப் போக்கினார். பிரௌனிங்கும் 1895-ஆம் ஆண்டு மாதிரியில் குழாயை நீக்கி, சட்டத்துக்கு அடியில் ஐந்து தோட்டா கொள்ளும் பெட்டியை வைத்தார். முதல் உலக யுத்தத்தில் துப்பாக்கிப் பஞ்சத்தில் தவித்த ரஷ்யா அதைத் தன் சேனைத் தோட்டாவுக்கு ஏற்றவாறு செய்யச் சொல்லி, ஏறத்தாழ 2,94,000 பெற்றுக்கொண்டது. உலோகப் பட்டையில் கோத்த ஐந்து தோட்டாக்களை ஒரே அழுத்தில் அதற்குள் இறக்கிவிடலாம். அந்த மாதிரியை மேசைக்குக் கொண்டுவருகிறவர் நெம்புகோல் என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, சேதம், தூரம், எண்ணிக்கை, நிரப்பும் காலம் ஆகிய நான்கையும் தாழ்ப்பாள் துப்பாக்கியின் வரியிலிருந்து எழுத வேண்டியிருக்கும். அந்த வரி எப்படி வந்தது என்பதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.